விழத் தெரிந்த மொழி

"இந்த மொழி எனக்கு வேண்டாம்மா," என்றார் தில்லைநாயகம். "இதுல ஒண்ணையுமே மாத்த முடியல."

ஜெர்மினா தலையைத் தூக்கவில்லை.

"எதை மாத்தணும் அண்ணாச்சி?"

"படகு நகருது. பழைய இடத்த அழிச்சிட்டுப் புது இடத்த எழுதணும். எழுத விடமாட்டேங்குது. ஒரு தடவ எழுதினா எழுதினதுதானாம்."

"காலைல அந்தப் படகு அங்க நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"மத்தியானம் வேற இடத்துக்குப் போயிட்டா, காலைல அங்க நின்னது இல்லன்னு ஆயிருமா?"

தில்லைநாயகம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

*

அவள் பிறப்பதற்கு முன்பே அவர் கணினி நிரல் எழுதத் தொடங்கிவிட்டவர். இப்போது அவர் மாணவர். அவள் ஆசிரியை.

அது விசைப்படகுச் சங்கத்தின் மாடியறை. கடலைப் பார்த்த ஜன்னல். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு திரை. சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை அந்தப் பெட்டி கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு படகுக்கு ஒரு பச்சை விளக்கு.

பெட்டிகள் சொல்வதைக் கேட்டு விளக்கேற்றும் நிரல் தில்லைநாயகம் எழுதியது. வீட்டில் தனியாள் என்பதால் அவருடைய பகல்கள் பெரும்பாலும் அந்தத் திரைக்கு முன்னால்தான் கழிந்தன.

போன ஐப்பசியில், காற்று பலமாக இருந்த ஒரு நாள், ஏதோ ஒரு படகின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அது தாறுமாறாக எதையோ உளறியது. அந்த உளறலை விழுங்க முடியாமல் நிரல் நின்றுபோனது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

படகுகள் எல்லாம் அன்று கரை சேர்ந்தன. ஆனால் சேரும்வரை, இருண்ட சுவரைப் பார்த்துக்கொண்டு, கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். யாரும் அழவில்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது.

அதற்குப் பிறகுதான் சங்கம் ஜெர்மினாவை அழைத்தது. அந்த ஊர்ப் பெண். பெங்களூரில் தொலைபேசிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். ஓராயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், ஒருவர் இணைப்பு அறுந்தால் அடுத்தவர் பேச்சு அறாமல் காக்கும் ஒரு கணினி மொழி அவளுக்குத் தெரியும்.

"அந்தப் பொண்ணு மொழியச் சொல்லித் தரட்டும்," என்றார் தில்லைநாயகம் சங்கத்தாரிடம். "எழுதறது நான் எழுதறேன்."

மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தடை நீங்கும் அன்று விடியலில் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும்.

அதற்குள் எழுதியாக வேண்டும். கடலில் ஆள் இருக்கும்போது அந்தச் சுவர் இன்னொரு முறை இருளக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

*

புது மொழியில் முதலில் எழுதியதைக் காட்டினார்.

ஜெர்மினா படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பெங்களூர் போன புதுசுல காய்க்கடைல நான் கன்னடத்துல பேசுவேன். கடைக்காரர் தமிழ்லயே பதில் சொல்லுவாரு. ஒரு நாள் கோவத்துல கேட்டுட்டேன், நான் கன்னடம் பேசறேன்ல, நீங்க ஏன் தமிழ்ல பேசறீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"மேடம், இவ்வளவு நாளா நீங்க பேசுனது தமிழ்னுல்ல நெனச்சேன்னாரு."

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

*

"ஒவ்வொரு படகுக்கும் தனியா ஒரு சின்ன நிரல்," என்றாள். "புரோசஸ்னு பேரு. ஒரு புரோசஸ், ஒரு படகு. பக்கத்துப் படகு பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி."

"ஒரு கூட்டம் புரோசஸுக்கு மேல ஒரு சூப்பர்வைசர். அதுவும் ஒரு நிரல்தான்."

"அது என்ன வேலை செய்யும்?"

"ஒரு வேலையும் செய்யாது. பாத்துட்டே இருக்கும்."

"நம்ம ஊர் சூப்பர்வைசர் மாதிரியே இருக்கே."

"ஆமா. ஆனா இது நெசமாவே பாக்கும்," என்றாள் ஜெர்மினா.

அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

"சரி டீச்சர். பெட்டி உளறுது. புரோசஸ் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணும் செய்யலைன்னா அன்னிக்கு மாதிரி நின்னு விழுந்துருமே?"

"விழட்டும்."

தில்லைநாயகம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஏம்மா, நீ படிச்ச பிள்ளைதானே? விழாம எழுதறதுக்குத்தான் நான் இத்தன வருஷம் படிச்சேன். எதுல எப்ப என்ன கோளாறு வரும்னு யோசிச்சு யோசிச்சு முடி கொட்டிப் போச்சு. நீ என்னடான்னா விழட்டுங்கிற. அதுக்குள்ள ஒரு படகு இருக்கு. படகுல ஆள் இருக்கு."

"ஆள் படகுலதான் இருக்கு," என்றாள் ஜெர்மினா. "புரோசஸ்ல இல்ல."

அவர் அதைக் கேட்கவில்லை. கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

*

அடுத்து அவர் எழுதியதில் மொழி நன்றாகவே வந்திருந்தது. ஒரு படகுக்கு ஒரு புரோசஸ். எதையும் அழித்து எழுதவில்லை. அந்தப் பெங்களூர்க் கடைக்காரர் இதைக் கேட்டிருந்தால் கன்னடத்திலேயே பதில் சொல்லியிருப்பார்.

ஆனால் ஒவ்வொரு புரோசஸைச் சுற்றியும் அவர் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்.

பெட்டி உளறினால் உளறலைத் தூக்கி எறி. பாதி சொல்லி நிறுத்தினால் பாதியை மற. ஒன்றுமே சொல்லாமல் போனால் கடைசியாகச் சொன்ன இடத்தையே வைத்துக்கொள். எது வந்தாலும், எது வராவிட்டாலும், விழாதே.

எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தை எறிந்து பார்த்தார். விழவில்லை. வெறுமையை எறிந்தார். விழவில்லை. குப்பையை வாரி வாரிக் கொட்டினார். விளக்குகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இப்ப சொல்லு," என்றார்.

ஜெர்மினா நெடுநேரம் படித்தாள்.

"நாளைக்கு எங்க மாமா நாட்டுப்படகுல ஒரு பெட்டிய வச்சு அனுப்பறேன். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைல்லா. நீங்க திரையப் பாத்துட்டே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் வந்து கேக்கிற வரைக்கும்."

*

காலையில் ஒரே ஒரு விளக்கு ஏறியது.

அது துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டியது. கலங்கரை விளக்கத்துக்கு நேர் கிழக்கே போய் நின்றது.

தில்லைநாயகம் பார்த்துக்கொண்டே இருந்தார். வலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். விளக்கு அப்பழுக்கில்லாத பச்சை. வெயில் ஜன்னலிலிருந்து மேசைக்கு வந்தது. மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. கொண்டுவந்த சோற்றைத் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். கை கழுவப் போனபோதுகூடக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார்.

"படகு எங்க அண்ணாச்சி?"

பின்னாலிருந்து குரல். அவர் திரும்பவில்லை.

"அந்தா, கலங்கரை விளக்கத்துக்கு நேர் கிழக்க. நல்ல மீன்பாடு போல இருக்கு. அசையாம நிக்கிறாங்க. பாத்தியா? காலைலேர்ந்து ஒரு தடவகூட விழல."



தரையில் ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்டது.

திரும்பினார்.

ஜெர்மினா நின்றிருந்தாள். சுடிதார் முழங்கால் வரை நனைந்து, பாதத்தில் மணல் ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தாள். அதன் மூலைகளிலிருந்து கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார்.

திரையைப் பார்த்தார். கலங்கரை விளக்கத்துக்கு நேர் கிழக்கே படகு நின்றிருந்தது. பச்சையாக.

மீண்டும் அவளைப் பார்த்தார்.

"நானும் அந்தப் படகுலதான் போனேன்," என்றாள். "அந்த இடத்துலதான் பெட்டியத் தண்ணிக்குள்ள முக்கினேன். இப்பப் படகு கரைல கெடக்கு. மாமா சாப்பிட்டுத் தூங்கிட்டாரு."

பெட்டியை அவர் மேசைமேல் வைத்தாள். துணி மாற்றப் போய்விட்டாள்.

தண்ணீர் மேசையில் பரவி, விளிம்பு தாண்டி, அவர் மடியில் சொட்டத் தொடங்கியது. அவர் நகரவில்லை.

*

மறுநாள் சுவர்களை இடித்தார்.

ஒவ்வொரு வரியை அழிக்கும்போதும் விரல் ஒரு கணம் நின்றது. இந்த வரி, தன் முதல் வேலையில் வாங்கிய திட்டு. அந்த வரி, யாரோ ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தியது. எல்லாம் பட்டுப் படித்தது.

இடித்து முடித்தபோது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவர் எழுதியதில் முக்கால்வாசி சுவர்தான்.

நீ எங்கே இருக்கிறாய் என்று கேள். படகு சொன்னதைத் திரைக்குச் சொல். மறுபடி கேள்.

அவ்வளவுதான். உளறல் வந்தால் என்ன செய்வது, பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் அவர் ஒன்றுமே எழுதவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கரையில் நின்ற படகுகளின் பெட்டிகளை எல்லாம் போடச் சொன்னார். சுவர் நிறையப் பச்சை.

ஒன்றுக்குள் குப்பையை எறிந்தார்.

விளக்கு அணைந்தது.

மற்ற விளக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மூச்சு விடுவதற்குள், அதே இடத்தில், சூப்பர்வைசர் எழுப்பிய புதிய புரோசஸின் விளக்கு சாம்பல் நிறத்தில் எழுந்தது. 'எங்கே இருக்கிறாய்?' என்று அது கேட்டது. பெட்டி பதில் சொன்னது. சாம்பல் பச்சையானது.

இன்னொன்றுக்குள் எறிந்தார். விழுந்தது. எழுந்தது. கேட்டது.

ஒரு வரிசைக்குள் எறிந்தார். வரிசை முழுக்க அணைந்து, வரிசை முழுக்க எழுந்து, ஒவ்வொன்றும் தன் தன் படகைக் கேட்டது.

பிறகு இரண்டு கையாலும் அள்ளி எறிவதுபோல எறிந்தார். சுவரெங்கும் விளக்குகள் விழுந்தன. விழுந்த இடத்திலெல்லாம் எழுந்தன. மழையடித்த மறுநாள் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி, அதற்கு முடிவே இல்லாத மாதிரி.

சுவர் இருளவே இல்லை.

ஜெர்மினா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, விளையாட்டா?"

"ஏம்மா," என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. கோவிலுக்குள் பேசுகிறவர்போலப் பேசினார். "இத யாரு யோசிச்சிருப்பா?"

"யாரோ. விழுந்து பாத்தவங்களா இருக்கும்."

*

தடை நீங்கியது.

விடிவதற்குள் கரையில் ஊரே கூடிவிட்டது. பாதிரியார் வந்து கடலை ஆசீர்வதித்தார். படகுகள் ஹாரன் அடித்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சுவரில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து விரிந்தன. தில்லைநாயகம் உட்காரவில்லை. இத்தனை வருஷம் பார்த்த அதே கடல்தான். ஆனால் இன்று ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருப்பதை அவரால் உணர முடிந்தது.

அங்கே ஒன்று விழுந்தது. எழுந்தது. இங்கே ஒன்று. அவர் கை தானாகத் தட்டச்சுப் பலகைக்குப் போனது. ஜெர்மினா அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெயில் ஏறிய பிறகு, தெற்கே ஒரு விளக்கு விழுந்தது. 'பவளமாலை' என்ற படகு.

எழுந்தது. சாம்பல். எங்கே இருக்கிறாய் என்று கேட்டது. பதில் வரவில்லை. விழுந்தது.

எழுந்தது. கேட்டது. விழுந்தது.

எழுந்தது.

"பெட்டி கெட்டுப் போச்சோ?" என்றார்.

ஜெர்மினாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்தது. எழுப்பி எழுப்பிப் பார்த்த சூப்பர்வைசர், தன்னால் ஆகாது என்று தானும் விழுந்தது. அதன் கீழிருந்த தெற்குப் படகுகளின் கூட்டம் முழுவதும் ஒரு கணம் அணைந்தது. அதற்கு மேலே இருந்த சூப்பர்வைசர் கூட்டத்தையே புதிதாக எழுப்பியது. சாம்பல், சாம்பல், சாம்பல். பிறகு ஒவ்வொன்றாகப் பச்சை.

ஒன்று மட்டும் சாம்பலாகவே நின்றது.

"மேல உள்ளதும் கைவிட்டுட்டா?"

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு."

"அதுவும் கைவிட்டா?"

"அதுக்கு மேல புரோகிராம் இல்ல அண்ணாச்சி."

இனி ஆள்தான் பார்க்க வேண்டும் என்று அறையில் எச்சரிக்கை மணி அடித்தது.

ஜெர்மினா வயர்லெஸ் மைக்கை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள். தன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள்.

"பவளமாலை, பவளமாலை. கரையிலேர்ந்து பேசறேன். பவளமாலை, கேக்குதா?"

இரைச்சல் மட்டும் வந்தது.

சாம்பல் விளக்குக்கு மிக அருகில் ஒரு பச்சை இருந்தது, எஸ்தாக்கியின் படகு.

"எஸ்தாக்கி, கரை பேசுது. பவளமாலை உனக்கு மேற்க இருக்கணும். ஆள் தெரியுதா பாரு."

"இப்பத்தான அண்ணாச்சி பாத்தேன், வலை வளைச்சிட்டுக் கெடந்தாவ."

"இப்பப் பாரு."

"நாங்களும் வலை போட்டுருக்கோம் அண்ணாச்சி..."

"வலைய அறுத்துவிட்டுட்டுப் போடா!"

இரைச்சல். இன்ஜின் முறுக்குகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மணிச்சத்தம் கேட்டுப் பெண்கள் படியேறி வந்துவிட்டார்கள். வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. தில்லைநாயகம் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. திரையில் பச்சை விளக்கு ஒன்று சாம்பல் விளக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நகர்வது தெரியாத அளவுக்கு மெல்ல.

சாம்பல் விழுந்தது. எழுந்தது. கேட்டது.

"அண்ணாச்சி!"

"சொல்லு."

"கவுந்து கெடக்கு அண்ணாச்சி. வலை எதுலயோ மாட்டி இழுத்துட்டு. ஆள்வ அடிப்பலகையப் புடிச்சிட்டு மெதக்காவ. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு, உயிருக்குப் பயமில்ல. தூக்கிட்டோம். எல்லாரையும் தூக்கிட்டோம்."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணியாச்சு. எல்லாரும் இருக்காவ. ஒருத்தன் இப்பவே தேத்தண்ணி கேக்கான்."

வாசலில் யாரோ பெருங்குரலில் அழுதார்கள். யாரோ சிரித்தார்கள். படிகளில் கால்கள் தடதடவென்று இறங்கி ஓடின.

அறை காலியானது.

தில்லைநாயகம் மைக்கை வைத்தார். அப்போதுதான் உட்கார்ந்தார்.

தெற்கே அந்தச் சாம்பல் விளக்கு இன்னும் இருந்தது. 'எங்கே இருக்கிறாய்?' என்று கவிழ்ந்த படகைக் கேட்டது. பதில் வராமல் விழுந்தது. அதன் இடத்தில் இன்னொன்று எழுந்து, அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல, அதையே கேட்டது.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெர்மினா."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"முன்னால விழுந்து செத்ததுக்குத் தெரிஞ்சது எதுவும் இதுக்குத் தெரியாது, இல்லியா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

ஜெர்மினா யோசித்தாள்.

"தெரிஞ்சிருந்தா," என்றார் தில்லைநாயகம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டிருக்காது."